மீன்பாடு குறைந்த கடலில், பிடிப்பதைக் குறைத்தால் பிழைப்பு நடக்குமா?

கேள்வி இதுதான்: "ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் மீன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார்கள். மீனவர்களே கடல் பாதுகாப்பில் இறங்கியிருக்கிறார்கள் என்றும் செய்தி வருகிறது. ஏற்கெனவே மீன் இல்லாதபோது பிடிப்பதையும் குறைத்தால் குடும்பம் எப்படி ஓடும்? இது பலிக்கிற காரியம்தானா?"

பலிக்கும். ஆனால் யாருடைய கையைக் கட்டுகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே பலிக்கும். இந்தக் கரையில் கடல் பாதுகாப்பு என்ற பெயரில் நாற்பது வருடமாக நடந்ததைப் பார்த்தால், கடலுக்கு மிகக் குறைவாகக் கெடுதல் செய்தவர்கள்தான் அதிகம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், உருப்படியாக வேலை செய்த சில ஏற்பாடுகள் அவர்களிடமிருந்தே வந்தவை. அதை விளக்கத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் இடம். பாம்பன், மண்டபம் பக்கத்தில் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடகடல் ஆழமில்லாதது, பெரும்பகுதியில் 15 மீட்டரைத் தாண்டாது. அடியில் சேறும் மணலும், அதன்மேல் கடல்புல். தென்கடலில் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. கடல்புல்லும் பவளமும்தான் மீன் குஞ்சுகள் வளரும் இடம். ஓரா, நகரை, விளைமீன், நீலக்கால் நண்டு, இறால் எல்லாம் சின்ன வயதை அங்கே கழித்துவிட்டுத்தான் வெளியே வருகின்றன. அடித்தரை கெட்டால் மேலே எத்தனை வலை விரித்தாலும் பயனில்லை.

மீன்பாடு குறைந்தது என்றால் என்ன என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கரைக்கு வந்த மொத்த டன்னை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். படகு பெரிதாகி, எஞ்சின் குதிரைத்திறன் ஏறி, வலை நீண்டு, போகும் தூரமும் கூடிவிட்டால் மொத்த எடை பல வருடம் விழாமலே நிற்கும். உள்ளுக்குள் நடக்கிற சரிவு மூன்று இடத்தில் தெரியும்: ஒரு முறை கடலுக்குப் போய் வந்தால் கிடைக்கிற அளவு, மீனின் நீளம், எந்த மீன் என்பது. நாட்டுப்படகுக்காரர் இந்த மூன்றையும் எந்தப் புள்ளிவிவரமும் பார்க்காமலே சொல்வார். டீசல் காசைக் கழித்தால் கையில் என்ன நிற்கிறது என்பதுதான் அவருடைய கணக்கு.

காரணங்கள் பல. ஆனால் எல்லாவற்றையும் ஒரே எடையில் வைத்துப் பேசுவது நியாயமில்லை. முதன்மையான காரணம் அடித்தரையை வாரும் இழுவை மடி. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை கிடைத்த காலத்தில், அறுபது எழுபதுகளில், அரசே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. அன்று அது வளர்ச்சித் திட்டம். பாக் விரிகுடாவில் மட்டும் இன்று ஏறக்குறைய 2,500 இழுவைப் படகுகள் என்பார்கள். அந்த ஆழமில்லாத கடலுக்கு அது தாங்காத எண்ணிக்கை.

இழுவை மடி என்ன செய்கிறது என்பதைக் கடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. படகு அணைகிற இடத்தில் விடிகாலையில் நின்றால் போதும். இறால், கணவாய், நண்டு, பெரிய மீன் எல்லாம் தனித்தனிக் கூடைக்குப் போய்விடும். மிச்சம் ஒரு குவியல் கிடக்கும். அதற்குச் சங்காயம் என்று பெயர். அதைக் கையால் கிளறிப் பாருங்கள்: விரல் நீளக் காரல், நகம் அளவு நண்டுக் குஞ்சு, இன்னும் கோடு கூடச் சரியாக விழாத ஓராக் குஞ்சு, கிளிஞ்சல், நட்சத்திர மீன், வேரோடு பிடுங்கி வந்த கடல்புல். எல்லாம் சேர்ந்து கருவாடாகக் காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் கிலோ சொற்ப விலைக்குப் போகிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ விட்டிருந்தால் ஒவ்வொன்றும் பல மடங்கு விலைக்குப் போயிருக்கும். அடுத்த வருடத்துப் பாட்டை இந்த வருடமே தீவன விலைக்கு விற்கிறோம். கடல் பாதுகாப்பு பற்றி யாராவது என்னிடம் கேட்டால் முதலில் அந்தக் குவியலைத்தான் காட்டுவேன்.

இதுபோக இரட்டை மடி இருக்கிறது. இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுப்பது. தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. அதன்மேல் ஊருக்கு ஊர் இன்னும் சண்டை ஓயவில்லை.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்கடலில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையையே வெட்டி ஏற்றினார்கள். 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபிறகு, குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு, அது நின்றது. அதற்குள் அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள வான் தீவும் அதே வழியில் கரைந்துகொண்டிருந்தது. 2015 முதல் அதைச் சுற்றிக் கடலுக்குள் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்புறம் கடல் வெப்பம். 2010-லும் 2016-லும் பவளம் பெருமளவு வெளுத்தது. இதை எந்த ஊர்க் கட்டுப்பாட்டாலும் தடுக்க முடியாது. ஆனால் வலையால் சிதையாத பாறை வெப்பம் தணிந்தபின் மீள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

சரி, கடலின் ஒரு பகுதியை மூடி வைத்தால் மீன் கூடுமா? இதற்கு மிகத் தெளிவான விடை பிலிப்பைன்ஸில் கிடைத்தது. செபுத் தீவின் தெற்கே சுமிலோன் என்று ஒரு குட்டித் தீவு. சிலிமான் பல்கலைக்கழகத்து ஏஞ்சல் அல்காலா என்ற உயிரியலாளரின் முயற்சியால் 1974-இல் அதன் பவளப்பாறையில் ஏறக்குறைய கால் பங்கில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1984-இல், உள்ளூர் அரசியல் மாறி அந்தக் காவல் உடைந்தது. மூடிக்கிடந்த இடமும் திறந்துவிட்டது. பிடிக்க இடம் கூடியதால் மீனும் கூடியிருக்க வேண்டுமல்லவா? அந்தத் தீவைச் சுற்றிய மொத்த மீன்பாடு ஏறக்குறைய பாதியாக விழுந்தது. மூடிய கால் பங்குதான் மற்ற முக்கால் பங்குக்கும் மீன் அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பெரிய பெண் மீன் போடும் முட்டை சின்ன மீனைவிடப் பல மடங்கு. அந்தப் பெரிய மீன்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அதே அல்காலா பக்கத்திலுள்ள ஆப்போ தீவிலும் 1982-இல் ஊர்க்காரர்களோடு பேசி இதைத் தொடங்கினார். அங்கே காவல் ஊராரின் கையிலேயே இருந்தது. சுமிலோனில் உடைந்தது ஆப்போவில் உடையாமல் பல ஆண்டு நின்றதற்கு அது ஒரு பெரிய காரணம்.

நம் கரைக்கும் இது புதிதில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு நூற்றாண்டுகளாக இப்படித்தான் நடந்தது. முத்துச்சிப்பி கிடக்கும் பார்களை முன்கூட்டியே பார்வையிட்டு, சிப்பி முற்றியிருந்தால் மட்டுமே குளிப்பு அறிவிப்பார்கள். முற்றவில்லையென்றால் வருடக்கணக்கில் அறிவிப்பே கிடையாது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. பார்கள் அதற்குப்பின் மீளவில்லை. சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களிலும் ஊர்க்கூட்டம் கூடி ஒரு வலையை விலக்கி வைப்பதும், மீறினால் தண்டம் போடுவதும் பழைய வழக்கம். மீனவருக்குக் கடலைக் காக்கத் தெரியாது, வெளியிலிருந்து யாரோ வந்து சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும்.

அந்த நினைப்போடு போட்ட திட்டம்தான் 1986-இல் வந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் அதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகம் அறிவித்தார்கள். நோக்கம் தவறு என்று சொல்லமாட்டேன். அந்தத் தீவுகளைக் காப்பாற்றியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் கோடு போட்ட விதத்தைப் பாருங்கள். தேசியப் பூங்கா என்றால் உள்ளே யாருக்கும் பிடிக்கவோ எடுக்கவோ உரிமை இல்லை. காற்றடித்தால் ஒதுங்க, வலை காயப்போட, சங்கு குளிக்க, கடற்பாசி எடுக்க என்று தலைமுறையாகத் தீவுக்குப் போன மக்களுக்கு அது ஒரே நாளில் அத்துமீறலாகிப் போனது. கோட்டுக்கு வெளியே இழுவை மடி பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது என்கிறது. ராத்திரியில் அந்த மூன்று மைலுக்குள் நண்டு வலையை அறுத்துக்கொண்டு போன படகு எது என்று யாரிடம் போய்க் கேட்பது? கையால் பாசி பிடுங்கும் பெண்ணைத் தடுப்பது சுலபம், பெரிய படகைத் தடுப்பது கஷ்டம். நம் அமலாக்கம் பல வருடம் சுலபமானதையே செய்தது.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. பாம்பன் சின்னப்பாலம் முதல் மேற்கே பல ஊர்களில் பாசி எடுப்பது பெண்கள் தொழில். அகர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, ஆல்ஜினேட் எடுக்கும் கட்டக்கோரை இரண்டும் முக்கியம் (அகரும் ஆல்ஜினேட்டும் உணவு போன்றவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படும் பொருட்கள்). விடிவதற்குள் படகில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச்சுற்று. காலில் துடுப்புக்குப் பதிலாகத் தகரத்தகட்டை வெட்டிக் கட்டியிருப்பார்கள். இடுப்பில் வலைப்பை. ஒரு முங்கில் கைக்கு வருவது ஒரு பிடி. மேலே வந்து மூச்சு வாங்கி, பையில் போட்டுவிட்டு மறுபடி முங்க வேண்டும். மணிக்கணக்கில் இப்படி. கரைக்கு வந்தபின் காயவைத்து, வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும்.

பூங்காக் கெடுபிடி ஒரு பக்கம் இறுக, பாசியும் குறைந்துகொண்டே வந்தபோது, இந்தப் பெண்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசித் தங்களுக்கே விதி போட்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. நீர் நன்றாக வற்றும் நாட்கள் அவை. மிச்ச நாளில் பாசி வளரட்டும். சித்திரை, வைகாசியில் மீன் இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி 45 நாள் முழு விடுப்பு. இரும்புச் சுரண்டி கூடாது, கையால் மட்டும் பிடுங்க வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் அவர்களுடைய அறிவு தெரிகிறது. மரிக்கொழுந்தின் அடிக்கட்டை பாறையில் மிச்சமிருந்தால் அது மறுபடி தழைக்கும். சுரண்டினால் அடிக்கட்டையும் போய்ப் பவளமும் உடையும். ஆராய்ச்சிக் கட்டுரை படித்து எழுதிய விதி இல்லை இது. தண்ணீருக்குள் கண்ணால் பார்த்து எழுதியது.

இந்த அமைப்பை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்துக் கௌரவித்தது. பரிசு வந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கூலிக்காரியைப் போல உழைத்து, தினச் சம்பாத்தியத்தில் குடும்பம் நடத்துகிற பெண்கள், பதினெட்டு நாள் போகமாட்டோம் என்று தாங்களே சொன்னார்கள். "பிடிப்பதைக் குறைத்தால் பிழைப்பு எப்படி நடக்கும்" என்று நீங்கள் கேட்டதற்கு அவர்களுடைய விடை: இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்தால் நாளைக்குப் பிழைப்பு நடக்காது, ஆனால் நாங்கள் எடுக்காமல் விட்டதை இன்னொருவர் வந்து வாரிக்கொண்டு போகக்கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் கொள்கை எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். விட்டுவைத்த மீன் தனக்கோ தன் பிள்ளைக்கோ கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

மாற்றுத் தொழில் என்று சொல்வதிலும் ஜாக்கிரதை வேண்டும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு பெரிய குளிர்பான நிறுவனம் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வடகடல் ஊர்களில் வளர்க்கக் கொடுத்தது. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. கடலுக்குள் முங்கவேண்டியதில்லை, வருமானம் உண்டு. நிறையப் பெண்களுக்கு அது உண்மையிலேயே கைகொடுத்தது. ஆனால் 2008 வாக்கில் அதே பாசி குருசடைத் தீவின் பவளத்தின்மேல் போர்வையாகப் படர்ந்து மூச்சடைத்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பின்னாளில் வெப்பம் கூடிய பருவங்களில் தெப்பப் பாசி கொத்துக் கொத்தாக அழுகியும் போனது. வேண்டாம் என்று சொல்லவில்லை. பவளம் இல்லாத இடமாகப் பார்த்து, உள்ளூர்ப் பாசிக்கும் இடம் கொடுத்துச் செய்ய வேண்டும்.

இனி, எல்லோருக்கும் தெரிந்த மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் 2001 முதல் ஏப்ரல் 15-இல் தொடங்கி 45 நாள் இருந்தது. தமிழ்நாட்டில் 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகளுக்குத்தான் இது. நல்ல ஏற்பாடு, தொடரத்தான் வேண்டும். ஆனால் தடை முடிந்த மறுநாள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் எல்லையும் தெரியும். அத்தனை படகும் ஒரே ராத்திரியில் பாய்கின்றன. இரண்டு மாதம் வளர்ந்த இறால் சில வாரத்தில் வாரப்பட்டு, வரத்து குவிந்து விலையும் விழுகிறது. அப்புறம் பழைய கதை. தடைக்காலம் கடலுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறது. படகு எண்ணிக்கையையும் மடியையும் அது தொடுவதில்லை.

இதைவிட மீனவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு நுட்பமானது. விசைப்படகு வந்த புதிதில் நாட்டுப்படகுக்காரர்களோடு நடந்த சண்டைகளில் வலைகள் அறுந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. கடைசியில் பாக் விரிகுடாவில் நாள் பிரித்துக்கொண்டார்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், பெரும்பாலும் திங்கள், புதன், சனி. மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. இன்றுவரை ஓடுகிறது. குறை உண்டு, மீறல் உண்டு. இருந்தும் நண்டு வலை போடுபவர் தன் நாளில் நிம்மதியாக வலையை விட்டுவிட்டு வரமுடிகிறது. ஒரு வாரத்தின் பாதி நாளுக்கு மேல் அடித்தரை வாரப்படாமல் இருக்கிறது. மோதலைத் தீர்க்க வந்த ஏற்பாடு கடலையும் கொஞ்சம் காப்பாற்றியது.

வடகடலில் மட்டும் பேசி முடிக்க முடியாத ஒரு விஷயம் எல்லை. கச்சத்தீவே ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். அதற்கு முன்னாலேயே இந்தியா, இலங்கைக் கடல் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. கரையோர 3 கடல் மைலைக் கழித்தால் ஆயிரக்கணக்கான படகுக்கு மிஞ்சுவது ஒடுக்கமான ஒரு பட்டை. அதனால் கோட்டைத் தாண்டுகிறார்கள். கைதாவதும் படகு பறிபோவதும் உயிர் போவதும் நமக்குத் தெரியும், அந்த வேதனையில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மறுகரையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 2009 வரை போரினால் கடலுக்கே இறங்கமுடியாமல் இருந்த யாழ்ப்பாண, மன்னார் மாவட்டத் தமிழ் மீனவர்கள், திரும்பிவந்து கடன்பட்டு வலை வாங்கிப் போட்டார்கள். அந்த வலைகளை நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-இல் தன் கடலில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்காக வருடக்கணக்கில் குரல் கொடுத்தவர்களில் அந்த வடக்கு மீனவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இதை இரு அரசுகளின் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் ஒரே மொழி பேசும் இரண்டு ஏழைக் கரைகளை மறந்துவிடுகிறார்கள்.

இழுவை மடிக்காரர்களையும் வில்லனாக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. படகில் போகிறவர் பங்குக் கூலிக்குப் போகிறார். உரிமையாளருக்கு வட்டி ஏறுகிறது. 2017-இல் அரசு ஒரு வழி சொன்னது: இழுவைப் படகை ஒப்படைத்தால் 80 லட்சம் ரூபாய் ஆழ்கடல் படகுக்கு மத்திய, மாநில மானியம் 70 சதவீதம், மூன்று வருடத்தில் 2,000 படகை மாற்றுவது இலக்கு. எட்டியது அதில் ஒரு சிறு பங்குதான். காரணம் புரியாததல்ல. காலையில் போய் மறுநாள் திரும்புகிற பழக்கமுள்ளவருக்கு வாரக்கணக்கில் சூரைக்குத் தூண்டில் போடுவது வேறு தொழில். கைக்காசும் கடனும் சேர்ந்து 24 லட்சம் புரட்ட வேண்டும். பாக் விரிகுடாவின் ஆழமற்ற கரையில் அந்தப் படகைக் கட்டக்கூட இடம் கஷ்டம். இதை மறுபடி செய்வதானால் படகுக்குப் படகு கொடுப்பதைவிட, படகைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரொக்க ஈடு கொடுப்பதும், படகில் வேலை செய்த கூலியாளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதும் உதவும் என்பது என் கருத்து. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறால் குஞ்சுகளை வடகடலில் விட்டு வருகிறது. நல்ல முயற்சிதான். மடி ஓட்டம் குறையாத கடலில் அந்தக் குஞ்சுகளில் எத்தனை பெரிதாகும் என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

கடைசியாகக் கடல் பசு. எங்கள் பக்கம் ஆவுளியா. கடல்புல்லை மட்டும் தின்று வாழும் பாலூட்டி; ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் மேயும். ஒரு ஈற்றுக்கு ஒரே கன்று, அடுத்த ஈற்றுக்குப் பல வருடம். ஒரு காலத்தில் இறைச்சிக்காகப் பிடித்தார்கள், அதை மறைக்கவேண்டியதில்லை. இன்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள். விடுவதை செல்போனில் படமெடுத்து வனத்துறைக்குத் தகவல் சொல்கிறார்கள். ஊக்கத்தொகையும் பாராட்டும் கிடைக்கிறது. ஒரு வலை அறுந்தால் ஆகும் செலவு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் முதலாவது அது. ஆவுளியாவுக்கான புல் மேடு காக்கப்பட்டால் இறாலுக்கும் ஓராவுக்கும் நண்டுக்கும் அதே வீடு மிஞ்சும். மீனவருக்கு இதில் இருக்கும் நேரடி லாபம் அதுதான்.

இங்கே சட்ட வகையைக் கவனியுங்கள். 1986-இல் வந்தது தேசியப் பூங்கா. 2022-இல் வந்தது பாதுகாப்பகம். இரண்டாவது வகையில் உள்ளூர் மக்களைக் கலந்தபிறகே அறிவிக்க வேண்டும், அவர்களுடைய உரிமை பறிபோகாது, மீன்பிடிப்பு தொடரும். நிர்வாகத்துக்கு ஒரு குழு, அதில் ஊராட்சிப் பிரதிநிதிகள் உண்டு. முப்பத்தாறு வருட அனுபவம் கொஞ்சம் பாடம் கற்பித்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சட்டப்பிரிவு காட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. குழுவில் வேளாண்மை, கால்நடைத் துறைகளுக்கு இடம் சொல்லியிருக்கிறார்கள். நண்டு வலை போடுபவருக்கென்றோ பாசி எடுக்கும் பெண்ணுக்கென்றோ ஒரு நாற்காலி எழுதவில்லை. ஊராட்சித் தலைவர் வந்தால் மீனவர் வந்ததாகிவிடாது. பல ஊராட்சிகளில் கடற்கரைத் தெரு சிறுபான்மை. உங்கள் ஊர் அந்தக் கரையில் இருந்தால், அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள்: குழுவில் நம் ஊர் சார்பில் யார், அவர் எந்த வலை போடுகிறவர், கடைசியாகக் கூட்டம் எப்போது நடந்தது, மூன்று கடல் மைலுக்குள் வந்த படகுகள்மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள்?